வணிகர்க்கு ஒரு நிகண்டு

நமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் ஆசிரியராயும் அரசாங்க உத்தியோகத்தராயும் விளங்குவோர் பலர். கடையும் களஞ்சியமும் தொழிற்சாலையும் நடத்தி வணிகத்தால் வாழ்வோரும் அவரிற் குறைந்தவரல்லர். அவ்வணிகர் பலரிடத்தும் இக்காலத்தில் ஒரு பேச்சு வழங்கிவருகின்றது. தனித்தனிப் பேரேடுகளையும் தனித்தனிக் கணினிப் பட்டியல்களையும் விடுத்து, வணிகம் முழுவதையும் ஒரே கணினி முறையின்கீழ்க் கொண்டுவருதல் வேண்டும் என்பதே அது. அம்முறையை ‘நிறுவன வளத் திட்டமிடல்’ என மொழிபெயர்த்து வழங்குவர். பேச்சு வழக்கில் அதன் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு ‘ஈ.ஆர்.பி.’ என்பர்.

இப்பொருள் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுதல் பொருந்துமோ என வினவுவார் உளராகலாம். பொருந்தும் என்பதே எமது விடை. புதிய முறையை ஏற்பதற்குச் செய்யவேண்டிய ஆயத்தத்திற் பெரும்பகுதி, பொருள்களுக்குப் பெயரிடுதலும், இட்ட பெயரை வரையறுத்தலும், ஒருவர் உள்ளத்திற் கிடப்பதைப் பலரும் அறிய எழுதி வைத்தலுமேயாம். இவை இலக்கண நூலாரும் நிகண்டு நூலாரும் பன்னூறாண்டாய்ச் செய்துவந்த பணிகள். ஆதலின் இவ்விழா மலரிலே நம் பழைய மாணவர்க்கும், நாளை அவர் நிலையங்களிற் பணி புரியப்போகும் மாணவர்க்கும் பயன்படுமாறு இதனை ஒரு பாடமாகக் கூறுவோம்.

1. ஈ.ஆர்.பி. என்பது யாது?

ஒரு மொத்த வியாபார நிலையத்தை எண்ணிக்கொள்வோம். தலைமைக் கடை யாழ்ப்பாணத்திலும், கிளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ளன எனக் கொள்க. இந்நிலையம் நமது கற்பனையே. இங்கே ஒரு மூடை சீனி விற்கப்படுமிடத்து, களஞ்சியப் பொறுப்பாளர் தம் ஏட்டில் ஒருமுறை எழுதுகின்றார். சிட்டை எழுதுவோர் மற்றொருமுறை எழுதுகின்றார். கணக்காளர் பேரேட்டில் மூன்றாம் முறை எழுதுகின்றார். ஒரு செய்தி மூன்றிடத்தில் எழுதப்படுதலின் மூன்றிடத்திற் பிழைபட இடமுண்டு. மாத முடிவில் மூன்று ஏடுகளும் ஒவ்வாது நிற்க, எது மெய் என ஆராய்வதிலே நாட்கள் கழியும்.

ஈ.ஆர்.பி. முறையில் அச்செய்தி ஒருமுறையே பதியப்படும். களஞ்சியத்தின் இருப்பு குறைதலும், வாடிக்கையாளரின் கடன் ஏறுதலும், வரிக்கணக்கு எழுதப்படுதலும் அவ்வொரு பதிவினின்றே நிகழும். 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில், எவ்வுறுப்பு எத்தனை எந்நாளில் வேண்டும் எனக் கணினியாற் கணித்த முறையே இதற்கு வித்து. ஜோசப் ஓர்லிக்கி என்பார் அம்முறையை விளக்கி எழுதிய நூல் 1975 இல் வெளிவந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தினின்றும் விலகிய ஐவர் 1972 இல் ஜேர்மனியில் எஸ்.ஏ.பி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1990 இல் கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனத்தார் இவ்வகை முறைகளுக்கு ஈ.ஆர்.பி. என்னும் பெயரை இட்டனர்.

இதன் பயனுக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 8 சதவீதமாயிருந்த பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 ஆகவும், அவ்வாண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. இரண்டாண்டுக்குள் மூன்று மாற்றங்கள். பல ஏடுகளை வைத்திருந்தோர் பலவிடத்துத் திருத்த நேர்ந்தது. ஒரே முறையை உடையோர்க்கு ஓரிடத்துத் திருத்தமே போதியதாயிருக்கும். ஆனால் எப்பொருள் வரிக்கு உட்பட்டது, எப்பொருள் விலக்களிக்கப்பட்டது என முன்னரே செவ்வனே வகுத்திருந்தாலன்றி அப்பயன் கிட்டாது.

நன்மையின் மறுபக்கத்திலே தீமையும் உண்டு. பழைய முறையில் ஓர் ஏட்டிற் புகுந்த பிழை அவ்வேட்டோடு நின்றது. புதிய முறையிலோ ஓரிடத்துப் பிழை அந்நொடியே எல்லாவிடத்தும் பரவும். ஒழுங்குள்ள நிலையத்தின் ஒழுங்கை இம்முறை பெருக்கும். ஒழுங்கற்ற நிலையத்தின் குழப்பத்தையும் அவ்வாறே பெருக்கும். ஆயத்தம் வேண்டும் என்பது இதனாலேயாம்.

2. பெருநிறுவனங்கள் கண்ட இடர்

பொருட்செல்வம் மிக்கோர்க்கு இவ்விடர் இல்லையென எண்ணற்க. அமெரிக்காவிலே இனிப்புப் பண்டம் செய்யும் ஹெர்ஷி நிறுவனத்தார் ஏறத்தாழ 112 மில்லியன் டொலர் செலவிற் புதிய முறையொன்றை அமைத்தனர். நான்காண்டில் முடிக்கத்தக்க வேலையை இரண்டரையாண்டில் முடிக்க முயன்று, மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஒருங்கே 1999 ஜூலையில் தொடங்கினர். அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்காகக் கடைக்காரர் இனிப்புக்கு ஆணை அனுப்பும் காலம் அது. களஞ்சியத்திற் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப இயலவில்லை. ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் பெறுமதியான ஆணைகள் நிறைவேறாது போயின. அக்காலாண்டின் இலாபம் முந்திய ஆண்டினும் 19 சதவீதம் அளவிற் குறைந்தது.

அங்கு நேர்ந்தவற்றுள் ஒன்று நம் கருத்துக்குரியது. சரக்கு மிகும் காலத்தில், முறையான களஞ்சியமல்லாத இடங்களிலும் அதனை அடுக்கி வைத்தல் அவர் வழக்கம். பழகிய ஊழியர்க்கு அவ்விடங்கள் தெரியும். புதிய கணினி முறைக்கு அவற்றைத் தெரிவிப்பார் இலர். முறையில் எழுதப்படாத இடத்திலுள்ள சரக்கு, முறையைப் பொறுத்தவரையில் இல்லாத சரக்கேயாம்.

ஜேர்மனியின் லிடில் என்னும் பெரும் பல்பொருள் அங்காடி நிறுவனத்தாரின் வரலாறு வேறொரு வகை. அவர் 2011 இல் தொடங்கிய திட்டத்தை 2018 இற் கைவிட்டனர். செலவு ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ எனச் செய்தித்தாள்கள் எழுதின. அவர் தம் சரக்கிருப்பைக் கொள்விலையால் மதிப்பிடுபவர். வாங்கிய மென்பொருளோ விற்பனை விலையால் மதிப்பிடுவது. தம் வழக்கத்தை மாற்ற விரும்பாது மென்பொருளையே மேன்மேலும் மாற்றினர். அஃது அவர் இடர்ப்பாட்டுக்கு ஒரு காரணமாயிற்று என்பர்.

இவ்விரண்டினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஊழியர் உள்ளத்திலுள்ள அறிவை எழுத்தில் ஏற்றாது தொடங்கலாகாது என்பது ஒன்று. எதனை நாம் மாற்றுவோம், எதனை மாற்றோம் என முன்னரே துணியாது முறையை வாங்கலாகாது என்பது மற்றொன்று.

3. பெயரொழுங்கு

நம் நிகண்டுகள் சொற்களை இருவேறு நோக்கிற் தொகுத்துக் காட்டும். ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைக் கூறுவது ஒன்று; ஒரு சொல்லுக்கு வழங்கும் பல பொருள்களைக் கூறுவது மற்றொன்று. சூடாமணி நிகண்டை நாவலர் 1849 இல் உரையுடன் அச்சிட்டு வெளியிட்டார். அக்காலத்து மாணவர் இவ்வகை நூல்களை மனனஞ் செய்தனர். புலவர்க்கு ஒரு பொருட்குப் பல பெயர் உண்மை செல்வமாகும். வணிகரது களஞ்சியத்தில் அதுவே வறுமைக்கு வாயிலாகும்.

நமது கற்பனை நிலையத்துக்கே மீள்வோம். யாழ்ப்பாணக் கடையில் ‘செத்தல் மிளகாய்’ என்று எழுதுவர். வவுனியாக் கிளையிற் ‘காய்ந்த மிளகாய்’ என்பர். இறக்குமதி செய்வோரின் சிட்டையில் அஃது ஆங்கிலத்தில் இருக்கும். மூன்றையும் அவ்வாறே புதிய முறையில் ஏற்றினால், கணினி அவற்றை மூன்று பொருளாகவே கொள்ளும். ஒரு பெயரின்கீழ்ச் சரக்கு மலிந்து கிடக்க, மற்றொரு பெயரின்கீழ் ‘இருப்பு இல்லை’ எனக் கண்டு புதிதாய் வாங்கும்படி அது கூறும். இது ஒருபொருட் பல்பெயரால் வரும் கேடு.

ஒருசொற் பல்பொருளால் வரும் கேடும் உண்டு. ‘பெட்டி’ என்பது மீன் ரின்னுக்கு ஒருவர் வாயில் 24 அடங்கியதாயும், மற்றொருவர் வாயில் 48 அடங்கியதாயும் இருக்குமாயின், பத்துப் பெட்டி என்ற ஆணை 240 ரின்னோ 480 ரின்னோ என்பதை யார் அறிவார்? ‘அந்தர்’ என்னும் நிறையளவு பழைய கணக்கில் 112 இறாத்தல், ஏறத்தாழ 50.8 கிலோகிராம். இன்று ஐம்பது கிலோ மூடையையும் நம்மவர் அந்தர் என்றே கூறுவர். நூறு அந்தர் எனப் பதிந்தால் 80 கிலோ வேறுபாடு தோன்றும். அவ்வேறுபாடு களஞ்சியப் பொறுப்பாளர் மீது களவுப் பழியாய் வந்து வீழவுங் கூடும்.

மக்கட்பெயர்களில் இக்குழப்பம் இன்னும் மிகும். ஒரே வாடிக்கையாளர் ஓரேட்டிலே தந்தை பெயரின் முதலெழுத்தோடும், இன்னோரேட்டிலே கடைப்பெயரோடும், மற்றோரேட்டிலே ஊர்ப்பெயரோடும் எழுதப்பட்டிருப்பர். அவர்க்கு இரண்டு இலட்சம் ரூபா வரையே கடன் கொடுப்பதென எல்லை வகுத்திருப்பினும், மூன்று பெயரில் ஆறு இலட்சம் கொடுபடும்.

இவற்றுக்கு மருந்து யாது? நிலையம் தனக்கென ஒரு நிகண்டைச் செய்துகொள்ளுதலேயாம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், ஒரு குறியெண், ஓர் அடிப்படை அளவு, ஒரு வரிவகை என வரையறுத்து எழுதுக. பிற பெயர்களைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ‘இன்னதற்கு மறுபெயர்’ எனப் பக்கத்திற் குறித்து வைக்க. ஐந்தாண்டாய் விற்கப்படாத பொருளையும், கணக்கு முடிந்த வாடிக்கையாளரையும் புதிய பட்டியலில் ஏற்றாது பழைய ஏட்டிலேயே விடுக. புதுப்பெயர் சேர்க்கும் அதிகாரத்தை ஒருவர்க்கே அளிக்க. இவ்வேலையை மென்பொருளை வாங்கிய பின்னர்ச் செய்வோம் எனப் பிற்போடற்க. எம்மென்பொருளை வாங்கினும், வாங்காது விடினும், இந்நிகண்டு பயன்படும்.

4. வழியொழுங்கு

பெயரை அடுத்து ஆராயவேண்டியது செயல் நடக்கும் வழி. ஓர் ஆணை கடைக்கு வந்தது முதல், அதற்குரிய பணம் வங்கியிற் சேரும் வரை, அத்தாளோடு கூடவே நடந்து பார்த்தல் வேண்டும். யார் வாங்கினார், யார் ஒப்பமிட்டார், எங்கே எத்தனை நாள் தங்கியது என எழுதுக. முதலாளி தாம் நினைத்திருந்த வழி வேறு, உண்மையில் நடக்கும் வழி வேறு எனக் காண்பது அரிதன்று. எவரும் வாசியாத படிகளும், காரணம் மறைந்தபின்னும் தொடரும் ஒப்பங்களும் அப்போது வெளிப்படும். அவற்றைக் கணினியில் ஏற்றுமுன் நீக்குக.

நீக்கியபின் எஞ்சுவனவற்றை இருவகையாக்குக. பேரேடு எழுதுதல், வரி கணித்தல், சம்பளம் வழங்குதல் போல்வன எல்லா நிலையத்துக்கும் பொதுவானவை. இவற்றில் மென்பொருளின் வழிக்கு நாம் இணங்குதலே செலவைக் குறைக்கும். நம் நிலையத்துக்கே சிறப்பானவை சில இருக்கும். அறுவடை முடிந்தபின் பணம் தரும் கமக்காரர்க்குப் பருவக் கடன் கொடுத்தல் அத்தகையது. அதன்பொருட்டே வாடிக்கையாளர் நம்மை நாடி வருகின்றனராயின், அதனை மென்பொருளுக்காக இழத்தல் கூடாது. வாங்குமுன்னரே அது நடைபெறுமாவென விற்போரைச் செய்து காட்டச் சொல்லுக. அதிகாரத்தையும் பிரித்து வைத்தல் நன்று. பொருள் வழங்குவோரின் பெயரைப் பதிபவரே அவர்க்குப் பணம் செலுத்தும் ஆணையையும் இடுவாராயின், நேர்மையாளரும் ஐயத்துக்கு ஆளாவர்.

5. மாந்தர்

இனிக் கூறுவது யாவற்றினும் தலையாயது. முப்பதாண்டு நாற்பதாண்டாய் ஒரே களஞ்சியத்திற் பணிபுரியும் முதியோர் ஒருவர் பல நிலையங்களில் உளர். எம்மூடை எம்மூலையில் உள்ளது, எச்சரக்கை மழைக்காலத்தில் உயர்த்தி வைத்தல் வேண்டும், எவ்வாடிக்கையாளர் காலந்தாழ்த்தினும் கடன் தவறார் என்பனவெல்லாம் அவர்க்கே தெரியும். நிலையத்தின் உண்மையான பேரேடு அவரது நெஞ்சமேயாம்.

புதிய முறை வருகின்றது என்ற செய்தி அவர் செவிக்கு எவ்வாறு எட்டுகின்றது? பெரும்பாலும், ‘இனி இவர் வேண்டியதில்லை’ என்ற வதந்தியாகவே எட்டும். இளைஞர் சிலர் கணினியோடு வந்து அவர் மேசையில் அமர்ந்து, அவரை வினவாமலே பட்டியலிடுவர். அவர் வாய் திறவார். வாய் திறவாதவரைப் ‘புதுமைக்குப் பகைவர்’ எனச் சிலர் இகழ்வர். அவர் அறிந்தவை எழுதப்படாமலே போகும். இதனால் அவர்க்கு வரும் துயரம் ஒருபுறமிருக்க, நிலையத்துக்கு வரும் நட்டமும் பெரிது.

ஆதலின் முதலாளி முதற்கண் அவரிடம் தாமே சென்று உண்மையைக் கூறுதல் வேண்டும். எவருடைய வேலை மாறும், எவருடைய வேலை மாறாது என்பதை மறையாது சொல்லுக. சொல்ல இயலாத உறுதியைக் கொடாதொழிக. நிகண்டு செய்யும் பணிக்கு அவரையே தலைவராக்குக. கணினியறிந்த இளைஞர் ஒருவரை அவர்க்குத் துணையாக்குக. முதியவர் சொல்ல இளையவர் எழுதுவாராயின், இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராவர். இவ்வேலைக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்கி, அந்நேரத்துக்குரிய அவருடைய வழக்கமான பணியைப் பிறரிடம் ஒப்படைக்க. திறமை மிக்கவரை விடுவிக்க மனமின்றி, வேலையில்லாதிருப்போரை இதற்கு அனுப்பும் நிலையம் அத்தகைய முறையையே பெறும்.

பயிற்சியும் முறையாய் அமைதல் வேண்டும். விற்போர் காட்டும் அந்நியப் பெயர்களைக் கொண்டன்று, தம் களஞ்சியத்துப் பொருள்களையும் தம் வாடிக்கையாளரையும் கொண்டே ஊழியர் பயிலுக. ஒருவர் செய்ய மற்றவர் பார்த்திருத்தல் பயிற்சியாகாது. எழுதிப் பழகாத மாணவன் கட்டுரை வல்லவன் ஆகாமையை நாம் வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோமன்றோ?

6. ஒத்திகையும் காலமும்

தொடங்குமுன் மும்முறையேனும் ஒத்திகை பார்க்க. எளிய விற்பனையை மட்டும் சோதித்தல் போதாது. பாதிப்பணம் செலுத்தியவர், பின்திகதியிட்ட காசோலை, வங்கியினின்று திரும்பிய காசோலை, உடைந்து வந்த சரக்கு, பிழையாய் எழுதிய சிட்டை என வருவனவற்றைத் தேடி எடுத்துப் பரிசோதிக்க. மின்சாரமும் இணையமும் இல்லாத நாளில் விற்பனை எவ்வாறு நடக்கும் என்பதையும் ஒரு நாள் செய்து பார்க்க. 2022 இன் நீண்ட மின்வெட்டுக்களை நாம் மறத்தற்கில்லை. பதிவுகளின் படியொன்றை வேறிடத்தில் வைத்தலும், அப்படியினின்று மீட்டெடுக்க இயலுமாவென மெய்யாகவே மீட்டுப் பார்த்தலும் வேண்டும்.

திருக்குறளில் வலியறிதலை அடுத்துக் காலமறிதல் வைக்கப்பட்டமை நாம் அறிந்ததே. தொடக்க நாளைத் தெரிதலில் அம்முறை நினைக்கத்தக்கது. வரியாண்டு தொடங்கும் ஏப்ரல் முதலாம் திகதி கணக்காளர்க்கு இனியது. ஐந்தொகை முடிந்து மீதிகள் தெளிவாய் நிற்கும். ஆனால் இரு வாரத்துள் சித்திரைப் புத்தாண்டு வரும். கடைக்கு அது நெருக்கடியான காலம். ஹெர்ஷி நிறுவனத்தார்க்கு நேர்ந்தது இத்தகைய நெருக்கடியிலேயே. வியாபாரம் மெலிந்த ஒரு மாதத்தின் முதல் நாளைக் கொள்ளுதல் நன்று. கணக்காளர்க்குச் சிறிது உழைப்பு மிகும். வாடிக்கையாளர்க்கு இடர் குறையும்.

தொடக்கத்துக்கு முந்திய நாள் களஞ்சியத்தைப் பூட்டிச் சரக்கை எண்ணுக. கடன்பட்டோர்க்கு அவரவர் மீதியை எழுதி ஒப்புதல் பெறுக. இன்னின்ன ஒத்திகைகள் நிறைவேறினாலன்றித் தொடங்கோம் என முன்னரே எழுதி வைத்து, அவை நிறைவேறாவிடின் நாளைத் தள்ளிவைக்கும் துணிவுடையராகுக. தொடங்கிய பின்னர் முதல் மாதம் முழுவதும் நாள்தோறும் மாலையில் ஐந்து பொருள்களை எடுத்து எண்ணி, முறையின் கணக்கோடு ஒப்புநோக்குக. வேறுபாடு கண்டவிடத்து ஊழியரைக் கடியாது, அது நேர்ந்த வழியை ஆராய்க. கடிந்தால் அடுத்த வேறுபாடு மறைக்கப்படும்.

முடிவாக, நம் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். நிகண்டும் இலக்கணமும் பரீட்சைக்கு மட்டும் உரியனவென எண்ணற்க. ஒரு பொருளை ஐயமற ஒரு பெயராற் குறித்து, அளவை வரையறுத்து, பிறர்க்கு விளங்க எழுதவல்லவன் எந்நிலையத்துக்கும் வேண்டப்படுவான். நம் பழைய மாணவராகிய வணிகர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முறையை விற்போரை அழைக்குமுன், களஞ்சியத்து முதியவரை அழைத்து அமரச் செய்யுங்கள். ஒரு வெற்றேட்டை விரித்து, அவர் கூறும் முதற் பெயரை எழுதத் தொடங்குங்கள்.